பேட்டரி போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி...

பதிவு எழுதி ரெண்டு மாசம் ஆச்சு. ஆணி அதிகம், வேறென்ன. ஆனா போன வாரம் நடந்த ஒரு சமாச்சாரத்தை எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது போல இருக்கு. அதனால கொஞ்சம் சூடா இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல ஊர் விளக்கம். ஆபீஸ்ல எங்கூர் பேரைச் சொன்னாலே "ஓ, அவிநாசியா, கோயில் இருக்குமே"ம்பாங்க. அது அவிநாசிங்க. நான் அவிநாசிபாளையம். கோவை திருச்சி ரோடும் திருப்பூர் தாராபுரம் ரோடும் வெட்டிக்கிற இடம். பொங்கலூரைத் தாண்டினா நாங்கதான். காலையில கம்பெனி வேன்கள் வந்து ஊர்ல பாதிப் பேரை அள்ளிட்டுத் திருப்பூர் பக்கம் போயிரும். மிச்சம் இருக்கறதுல நானும் ஒருத்தன், வாரத்துல மூணு நாள் வீட்டுல உக்காந்து பொட்டி தட்டுறவன்.

பக்கத்து வீட்டு அக்காவும் பொட்டி தட்டுறவங்கதான், ஆனா வேற மாதிரி. பனியன் கம்பெனிக்கு மார்க்கர் போடுறாங்க. தெரியாதவங்களுக்கு: ஒரு டி-ஷர்ட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டின்னு துண்டு துண்டா பேட்டர்ன் இருக்குமில்லையா, அதை எல்லா சைஸுக்கும் சேர்த்து, துணியோட அகலத்துக்குள்ள எவ்வளவு நெருக்கி அடுக்க முடியுமோ அவ்வளவு நெருக்கி கம்ப்யூட்டர்ல அடுக்கணும். அதைத்தான் பிரிண்ட் போட்டுத் துணி மேல விரிச்சு கட்டிங் மாஸ்டர் வெட்டுவார். இடைவெளியில போற துணி எல்லாம் வேஸ்ட். ஒரு பர்சன்ட் மிச்சம் பண்ணினாலே கம்பெனிக்கு லாபம். அக்காவுக்கு ஸ்டைலுக்கு இவ்வளவுன்னு கூலி. லேப்டாப் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, பேட்டரி மட்டும் போன வருசம் ஒரிஜினலா புதுசு போட்டது.

ஒரு நாள் ராத்திரி அந்த லேப்டாப் தானா ஒரு பெரிய அப்டேட் போட்டுக்கிச்சு. ஆபரேட்டிங் சிஸ்டம் அப்டேட். யாரும் கேக்கல, யாருகிட்டயும் சொல்லல, "அணைக்காதீர்கள்"னு மட்டும் முக்கால் மணி நேரம் மிரட்டிட்டு வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி பத்தரைக்கு கரன்ட் போச்சு. அக்கா கவலைப்படல. ஏன்னா கீழ மூலையில 61% இருந்துச்சு. அரை மணி நேரம் கழிச்சும் 61%. "பரவால்ல, நல்லா நிக்குதே"ன்னு சந்தோசப்பட்டிருக்காங்க. ஒன்றரை மணி நேரம் கழிச்சும் 61%. அப்புறம் ஒரு எச்சரிக்கை கூட இல்லாம திரை கறுப்பாயிருச்சு. அந்த சாஃப்ட்வேர்ல தானா சேமிக்கிற வசதி கிடையாது. ரெண்டு மணி நேர மார்க்கர், அம்போ.

மறுநாள் காலையில ஏழு மணிக்கு கட்டிங் டேபிள்ல துணி விரிச்சு வெச்சுட்டு ஆளுங்க நிக்கிறாங்க. மார்க்கர் வரல. கட்டிங்ல பீஸ் ரேட் ஆளுங்க, வெட்டினாத்தான் காசு. மத்தியானம் வரைக்கும் சும்மா உக்காந்திருந்தாங்க. சூப்பர்வைசர் அக்காகிட்ட "லேப்டாப்பைப் பாத்துக்கக்கூடத் தெரியல, வேலைக்கு வந்துட்டீங்க"ன்னு கேட்டுருக்கார். இது வரைக்கும் எனக்குத் தெரியாது.

அக்கா என்ன பண்ணினாங்க? எல்லாரும் பண்றதைத்தான். திருப்பூர்ல ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனாங்க. கடைக்காரர் ஆன் பண்ணிப் பாத்தார், ரெண்டு நிமிசம். "பேட்டரி அவுட்டுங்க்கா." 3,800 ரூபாய். மாட்டிக் குடுத்தார். வீட்டுக்கு வந்து பாத்தா, ரெண்டாம் நாளே மறுபடி நம்பர் நின்னுபோச்சு, இந்தத் தடவை 74-ல. அப்பத்தான் நம்ம வீட்டுக் கதவைத் தட்டினாங்க. "கண்ணு, இதக் கொஞ்சம் பாரு சாமி, புதுப் பேட்டரியும் போச்சாட்ட இருக்குது."

இங்க ஒரு நல்ல காரியம் நடந்திருந்துச்சு. பழைய பேட்டரியைக் கடைக்காரர் "இங்கேயே கெடக்கட்டுங்க்கா"ன்னு சொல்லியும், அக்கா விடாம கேட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க. காசு குடுத்து வாங்கின பொருளை எதுக்குச் சும்மா விடணும், பழைய இரும்புக் கடைக்குப் போட்டா பத்து ரூவா வராதா? (லித்தியம் பேட்டரியை அங்க போடாதீங்க மக்களே, நசுக்கினா தீப்பிடிக்கும்.) நம்மூர்க்காரங்களோட இந்தக் குணம்தான் கேஸை உடைச்சுச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

61% ங்கறது என்ன? நான் அக்காகிட்ட இதைத்தான் முதல்ல கேட்டேன். அவங்க உடனே திருப்பிக் கேட்டாங்க: "எதுல அறுபத்தொண்ணு?" எனக்கு அப்படியே எந்திரிச்சுக் கை தட்டணும்போல இருந்துச்சு. நாலு வருசம் பி.ஈ. படிச்ச பசங்க கேக்காத கேள்வி. அவங்க தினமும் 84%, 85%னு மார்க்கர் எஃபிஷியன்சி பாக்கறவங்க. பர்சன்ட்டுனா மேல ஒரு நம்பர், கீழ ஒரு நம்பர். கீழ இருக்கற நம்பர் மாறினா மேல ஒண்ணும் மாறாமலேயே பர்சன்ட் மாறும்னு அவங்களுக்குத் தெரியும். பேட்டரியில கீழ இருக்கற நம்பர் "முழுசா ஏத்தினா இப்ப எவ்வளவு பிடிக்கும்"ங்கறது. அது வாங்கின அன்னைக்கு ஒண்ணு, ஒரு வருசம் கழிச்சு வேற ஒண்ணு. அதையும் யாரும் அளந்து பாக்கறதில்ல. கணக்குப் போட்டுச் சொல்றாங்க.

அளக்க முடியாதான்னு கேப்பீங்க. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2012-ல நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்க பக்கம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரன்ட் இருக்காது. இன்வெர்ட்டர் இருந்த வீடு அப்ப பெரிய வீடு. அந்த பேட்டரியைப் பாக்க எலெக்ட்ரீஷியன் வருவார், மூடியைத் திறந்து கண்ணாடிக் குழாயில ஆசிட்டை உறிஞ்சுவார். உள்ள ஒரு மிதவை. அது மேல நின்னா சார்ஜ் இருக்குது, கீழ போனா இல்ல. ஹைட்ரோமீட்டர். ஈய-அமில பேட்டரியில சார்ஜ் இறங்க இறங்க ஆசிட்டோட அடர்த்தியே குறையும், அதனால நிஜமாவே அளக்கலாம். அவர் "வீக்கா இருக்குதுங்"ன்னு சொன்னா அது அளந்து சொன்ன வார்த்தை.

லித்தியம் அயன்ல அந்த வசதி கிடையாது. மூடின டப்பா. வோல்டேஜை வெச்சுச் சொல்லலாம்னா, ஒரு செல் நிறைஞ்சா 4.2 வோல்ட், தீர்ந்தா சுமார் 3 வோல்ட், ஆனா நடுவுல ரொம்ப தூரத்துக்கு 3.7-ஐ ஒட்டியே தட்டையா ஓடும். 70-ஆ 40-ஆன்னு அதை வெச்சுச் சொல்றது கஷ்டம். லோடு ஏறினா வோல்டேஜ் இறங்கும், சூட்டுக்கு ஒரு மாதிரி, குளிருக்கு ஒரு மாதிரி. அதனால பேட்டரி பேக்குக்குள்ளயே ஒரு சின்ன சிப் வெச்சாங்க. ஒரு குட்டி மின்தடை வழியா உள்ள எவ்வளவு போச்சு, வெளிய எவ்வளவு வந்துச்சுன்னு அது விடாம கூட்டிக் கழிச்சுக்கிட்டே இருக்கும். இப்படி கணக்கு வைக்கிற ஸ்மார்ட் பேட்டரிக்கான பொது விதிமுறையை 1990-கள்லயே இன்டெலும் டியூராசெல்லும் சேர்ந்து கொண்டுவந்தாங்க.

திருப்பூர் பாஷையில சொல்றேன். அந்த சிப்தான் குடோன் ஸ்டோர் கீப்பர். எத்தனை ரோல் துணி உள்ள வந்துச்சு, எத்தனை ரோல் வெளிய போச்சுன்னு நோட்டுல எழுதறவர். குடோனுக்குள்ள போய் எண்ணிப் பாக்கறவர் இல்ல. எலி கடிச்சது, ஈரத்துல போனது, எண்ணும்போது விட்டதுன்னு நாளாக நாளாக நோட்டுக்கும் குடோனுக்கும் வித்தியாசம் வரும். எப்பவாவது ஒரு தடவை ஸ்டாக் எடுத்தாத்தான் சரியாகும். பேட்டரி நல்லா தீர்ந்து, மறுபடி நிறையும்போது அந்த ஸ்டாக் எடுக்கற வேலை நடக்குது.

அப்புறம் லேப்டாப் போர்டுல இன்னொரு சின்ன கன்ட்ரோலர் இருக்கு. அவன் வாட்ச்மேன். ஸ்டோர் கீப்பர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வந்து ஆபீஸ்ல குடுக்கறவன். ஆபீஸ் மேனேஜர்தான் ஆபரேட்டிங் சிஸ்டம். சீட்டுல இருக்கறதைப் பாத்து "61%"னு போர்டுல எழுதுவார். சீட்டு எந்த ஃபார்மட்ல இருக்கணும், வாட்ச்மேன் எப்ப மணியடிக்கணும்னு ஏசிபிஐ ங்கற ஒரு ஒப்பந்தம் 1996 டிசம்பர்ல இருந்து இருக்கு. சீட்டுல அளவு வாட் கணக்கா ஆம்பியர் கணக்கான்னு சொல்றதுக்குக்கூட அதுல தனிக் கட்டம் உண்டு. நூலை கிலோவுல எழுதினதை மீட்டர்னு படிச்சா என்ன ஆகும்? அதே கூத்து இங்கயும் நடக்கலாம்.

அக்கா லேப்டாப்ல ஆனது என்னன்னு இப்ப புரிஞ்சிருக்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் தானே எழுதி வைக்கிற பேட்டரி அறிக்கையை எடுத்துப் பாத்தேன். வடிவமைப்பு அளவு 41,040 மில்லிவாட் ஹவர். அப்டேட்டுக்கு முந்தின வாரம் வரைக்கும் முழு சார்ஜ் அளவு 36,480. அதாவது 89%. ஒரு வருசம் ஓடின பேட்டரிக்கு இது தங்கம். கரன்ட் போன அந்த ராத்திரி, பத்தரையில இருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொரு வரியிலயும் ஒரே எண்: 22,250. பேட்டரியில ஓடுற லேப்டாப்ல மிச்சம் இருக்கற சக்தி ரெண்டு மணி நேரமா ஒரு துளி குறையலையாம். பெட்ரோல் ஊத்தாம வண்டி ஓடினா சந்தேகம் வராதா? அந்த மிஷினுக்கு வரல. அது பாட்டுக்கு எழுதி வெச்சிருக்கு.

ஸ்டோர் கீப்பர் ஒழுங்காத்தான் எழுதியிருக்கார். வாட்ச்மேன் சீட்டுக் கொண்டுவர்றதை நிறுத்திட்டான். மேனேஜர் பழைய சீட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். கடைக்காரர் பண்ணின வைத்தியம் குடோனை மாத்தினது!

இதுல கொடுமை என்னன்னா, "10% ஆச்சு, சார்ஜ் போடுங்க"ங்கற எச்சரிக்கையும், 5%-க்குக் கீழ போனா தானா எல்லாத்தையும் சேமிச்சுட்டுத் தூங்கற ஏற்பாடும் அதே சீட்டைப் பாத்துத்தான் வேலை செய்யுது. நம்பர் தப்பா தெரியறது பாக்கறதுக்கு மட்டும் அசிங்கம்னு நினைக்காதீங்க. அந்த நம்பர் செத்தா பாதுகாப்பும் சேர்ந்து செத்துப்போகுது.

அப்டேட் வரலாறைத் தோண்டினேன். அதே ராத்திரி, ஆபரேட்டிங் சிஸ்டத்தோட சேர்ந்து லேப்டாப்போட ஃபர்ம்வேரும் (அதான் வாட்ச்மேனோட மூளை) கமுக்கமா ஏறியிருக்கு. அதுக்கு என்ன விளக்கம் தெரியுமா? நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டதாம். அவ்வளவுதான். அப்புறம் தயாரிப்பாளர் தளத்துக்குப் போனா, புதுசா ஒரு ஃபர்ம்வேர் கிடக்குது. அதோட குறிப்புல நாலாவது வரியில, பேட்டரி நிலை காட்டறதுல இருந்த சிக்கல் சரி செய்யப்பட்டதுன்னு ஒரு வாக்கியம். தேதியைப் பாத்தேன். அக்கா 3,800 ரூபாய் குடுத்ததுக்கு அஞ்சு நாள் கழிச்சு.

அஞ்சு நாள்ங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சரி பண்ணியிருக்காங்க. தப்பை மட்டும் நடுராத்திரி கேக்காம வீட்டுக்குள்ள வந்து வெச்சுட்டுப் போனவங்க, மருந்தை அவங்க தளத்துல ஒரு மூலையில வெச்சுட்டு "வேணும்ங்கறவங்க எடுத்துக்கங்க"ன்னு விட்டுட்டாங்க. எனக்குக் கோபம் வந்தது இங்கதான்.

இப்ப சில பேரு "அப்டேட்டால எல்லாம் பேட்டரி போகாது, சும்மா பழி போடாதீங்க"ன்னு வருவீங்க. நியாயமான வாதம்தான், தட்டிக் கழிக்க மாட்டேன். இதுக்கு ஒரு பழைய கதையே இருக்கு. 2009 அக்டோபர்ல விண்டோஸ் 7 வந்துச்சு. ஏத்தின நிறையப் பேருக்கு "பேட்டரியை மாத்துறது பத்தி யோசிங்க"ன்னு ஒரு செய்தி வந்துச்சு. விஸ்டாவுல, எக்ஸ்பியில நல்லாத்தானே இருந்துச்சு, இந்த ஓ.எஸ்.தான் பேட்டரியைக் கொன்னுருச்சுன்னு உலகம் முழுக்கச் சத்தம். 2010 பிப்ரவரி 8-ல மைக்ரோசாஃப்ட்டோட விண்டோஸ் தலைவர் ஸ்டீவன் சினோஃப்ஸ்கி விளக்கம் எழுதினார். அவர் சொன்னதோட சாரம்: அந்த பேட்டரிங்க நிஜமாவே தேஞ்சு போனவை, வடிவமைப்பு அளவுல 40%-க்கு இறங்கினா இந்தச் செய்தி வரும், முந்தின விண்டோஸ்ல இப்படி ஒரு செய்தியே கிடையாது, அதனாலதான் புதுசா தெரியுது. அதாவது நோயை டாக்டர் உண்டாக்கல, டாக்டர் இப்பத்தான் சொன்னார்.

ஆக ரெண்டு பக்கமும் நடக்கும். அப்டேட்டுக்கு அப்புறம் நம்பர் மாறினா, ஒண்ணு நம்பர் பொய்யாயிருக்கும், இல்ல முன்னாடி இருந்தது பொய்யா இருந்திருக்கும். என் சண்டை எதோடன்னா, இது ரெண்டுல எதுன்னு சாமானியனுக்குத் தெரியறதுக்கு வழியே வைக்காததோடதான்.

ஆப்பிளை எடுத்துக்குங்க. 2016-ல புது மேக்புக் ப்ரோ வந்தப்ப பேட்டரி சொன்ன நேரம் நிக்கலன்னு புகார். டிசம்பர்ல மேக் ஓ.எஸ். சியரா 10.12.2 அப்டேட் வந்துச்சு. என்ன சரி பண்ணினாங்க தெரியுமா? மெனுவுல "இன்னும் இத்தனை மணி நேரம்"னு காட்டற வரியையே தூக்கிட்டாங்க! கணிப்பு துல்லியமா இல்லைங்கறது அவங்க காரணம். காய்ச்சல் அதிகமா காட்டுதுன்னு தெர்மாமீட்டரை உடைச்ச கதை. அடுத்த மாசமே, 2017 ஜனவரியில, ஐபோனுக்கு ஐ.ஓ.எஸ். 10.2.1. பேட்டரி பழசானா போன் திடீர்னு அணையுதேன்னு, போனோட வேகத்தைக் கமுக்கமா குறைச்சாங்க. தொழில்நுட்பமா அது அவ்வளவு மோசமான முடிவு இல்லைன்னுதான் நான் சொல்வேன். ஆனா சொல்லல. போன் ஸ்லோ ஆயிருச்சுன்னு புது போன் வாங்கினவன் எத்தனை பேரு? அந்த டிசம்பர்ல, வேகத்தை அளக்கற கீக்பெஞ்ச் கணக்குகளை வெச்சு விஷயம் வெளிய வந்தப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க, மன்னிப்புக் கேட்டாங்க, பேட்டரி மாத்தற விலையை 79 டாலர்ல இருந்து 29 ஆக்கினாங்க. இந்தியாவுல 6,500 ரூபாய் 2,000 ஆச்சு, வரி தனி. 2020-ல பிரான்ஸ்ல இரண்டரைக் கோடி யூரோ அபராதம். அமெரிக்காவுல 50 கோடி டாலர் வரைக்கும் குடுக்கறதா ஒப்பந்தம். எதுக்கு? முக்கியமா, சொல்லாம பண்ணினதுக்கு.

உதை வாங்கினப்புறம் புத்தி வந்ததுக்கும் அத்தாட்சி இருக்கு. 2021 ஏப்ரல்ல ஐ.ஓ.எஸ். 14.5 வந்தப்ப, ஐபோன் 11 வரிசைக்குப் பேட்டரி ஆரோக்கிய எண் சில போன்ல தப்பா வருதுன்னு வெளிப்படையா சொன்னாங்க. அப்டேட் போட்டதும் "மறுபடி அளவு சரி பார்த்துக்கிட்டு இருக்கோம், சில வாரம் ஆகலாம்"ங்கற மாதிரி ஒரு செய்தி திரையிலயே வந்துச்சு. இவ்வளவுதான் நான் கேக்கறது! தப்பே பண்ணாதேன்னு கேக்கல. நானும் கோடு எழுதறவன், தப்பு இல்லாத கோடு எங்கயும் கிடையாதுன்னு தெரியும். அளக்கறதை மாத்தினா மாத்தினேன்னு சொல்லு.

இதுல நம்ம இனத்துக்கும் பங்கு உண்டு, ஒளிக்க மாட்டேன். என் முதல் கம்பெனியில ஃபைல் ஏத்தற ஒரு பக்கத்துக்கு முன்னேற்றப் பட்டை எழுதினேன். உண்மையான கணக்கு வரல, டெட்லைன் வந்துருச்சு. அதனால முதல் 90%-ஐ வேகமா ஓட்டிட்டு, மிச்சத்தை 99-ல நிக்க வெச்சேன். மேனேஜர் பாத்துட்டு "ஸ்மூத்தா இருக்கே"ன்னாரு. அந்த 99-ஐப் பாத்துக்கிட்டு எத்தனை பேரு நகம் கடிச்சாங்களோ. நாம ஒரு நம்பரைத் திரையில போட்டா, அந்தப் பக்கம் இருக்கறவங்க அதை அளந்த நம்பர்னு நம்பறாங்க. நாம "ஏறத்தாழ"ன்னு ஒரு வார்த்தை போட மாட்டேங்கறோம், ஏன்னா டிசைன்ல இடம் இல்லியாம்.

சரி, அந்தப் புதுப் பேட்டரி கதைக்கு வர்றேன். அதான் உச்சக்கட்டம்.

லேப்டாப்பை முழுசா அணைச்சேன். முழுசான்னா, சாதாரண ஷட்டவுன் இல்ல. சீக்கிரம் ஆன் ஆகணும்னு இப்பல்லாம் ஷட்டவுன்ங்கற பேர்ல பாதித் தூக்கம்தான் போடுது. அந்த வசதியை நிறுத்திட்டு அணைச்சு, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிசம் அமுக்கிப் பிடிச்சேன். வாட்ச்மேனுக்குத் தெளிஞ்சுருச்சு. ஆனா தூங்கி எந்திரிச்சதும் மறுபடி பழைய குருடி கதவைத் திறடின்னு ஆச்சு. அப்புறம்தான் அந்த அஞ்சு நாள் லேட்டா வந்த ஃபர்ம்வேரை ஏத்தினேன் (சார்ஜர் மாட்டி, கரன்ட் போகக் கூடாதுன்னு மாகாளியம்மனை வேண்டிக்கிட்டு). நம்பர் ஒழுங்கா இறங்க ஆரம்பிச்சுது.

இப்ப கையில கடிகாரத்தை வெச்சுக்கிட்டு ரெண்டு பேட்டரியையும் ஓட்டிப் பாத்தேன். ஒரே வெளிச்சம், ஒரே வேலை. பழசு: 10%-க்கு வர ரெண்டு மணி நாப்பது நிமிசம். புதுசு: ஒன்றரை மணி நேரத்துல 55%-ன்னு காட்டிக்கிட்டு இருக்கும்போதே படுத்துருச்சு. அதோட அறிக்கையைப் பாத்தா வடிவமைப்பு அளவு 41,040, முழு சார்ஜ் அளவும் 41,040, ஏத்தி இறக்கின சுத்து பூஜ்யம். குழந்தை மாதிரி சுத்தம். ரெண்டு எண்ணும் கடைசி இலக்கம் வரைக்கும் ஒண்ணா இருந்தப்பவே எனக்குச் சந்தேகம். உள்ள பழைய செல்லோ மட்டமான செல்லோ போட்டு, சிப்புல மட்டும் ஒரிஜினல் எண்ணை எழுதி வெச்சிருக்காங்க. இந்தத் தடவை பொய் சொன்னது வாட்ச்மேன் இல்ல, ஸ்டோர் கீப்பரே.

யோசிச்சுப் பாருங்க. உண்மை சொன்ன பேட்டரியை, வாட்ச்மேன் பண்ணின தப்புக்காகக் கழட்டிட்டு, பொய் சொல்ற பேட்டரியைக் காசு குடுத்து வாங்கி மாட்டியிருக்காங்க. திரையில ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஒரு பேட்டரி படம், பக்கத்துல ஒரு பர்சன்ட்.

அதனால யாராவது "பேட்டரி அவுட்டு"ன்னு சொன்னா, காசை எடுக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிசம் செலவு பண்ணுங்க. விண்டோஸ் 8-ல இருந்து கட்டளைச் சாளரத்துல பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட்னு சேர்த்து அடிச்சா ஒரு அறிக்கை விழும். லினக்ஸ்ல சிஸ், கிளாஸ், பவர் சப்ளைன்னு போற அடைவுக்குள்ள எல்லாம் தனித்தனி ஃபைலா கிடக்கும். மேக்ல சிஸ்டம் தகவல்கள்ல பவர் பகுதி. விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் தேட வேண்டியது ரெண்டே எண்: வடிவமைப்பு அளவு, முழு சார்ஜ் அளவு. ரெண்டாவது முதலாவதுல பாதிக்கும் கீழன்னா கடைக்காரர் சொன்னது பெரும்பாலும் சரி, மாத்துங்க, அப்டேட்டைத் திட்டாதீங்க. முக்கால்வாசிக்கு மேல இருந்து திடீர்னு சொதப்பினா, அப்டேட் தேதியையும் சொதப்பல் தேதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஃபர்ம்வேர் தேடுங்க. சார்ஜ் 80-ல நின்னா அது நோயே இல்லாமலும் இருக்கலாம். ஆயுள் கூடணும்னு இப்ப நிறைய லேப்டாப் வேணும்னேதான் நிறுத்துது. மேக்ல 2020 மே மாசம் 10.15.5 அப்டேட்ல அப்படி ஒரு நிர்வாகம் வந்துச்சு. எங்கூர் வெயிலுக்கு 24 மணி நேரமும் 100%-ல சொருகி வைக்கறதை விட அது எவ்வளவோ மேல். ஆனா பேட்டரி உப்பியிருந்தா, டச்பேட் தூக்கியிருந்தா, எண் எதுவும் பாக்காதீங்க, உடனே கழட்டச் சொல்லுங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு, "கேலிப்ரேட்" சாமியார்கள். எதுக்கெடுத்தாலும் வாரா வாரம் பூஜ்யம் வரைக்கும் வடிச்சு ஏத்துங்கன்னு வீடியோ போடறவங்க. எப்பவாவது ஒரு தடவை ஸ்டாக் எடுக்கறது சரி. வாராவாரம் குடோனைக் காலி பண்ணி நிரப்பினா குடோன்தான் கெடும். அடி வரைக்கும் வடிக்கறது லித்தியத்துக்கு ஆகாது. ஃப்ரீசர்ல வைக்கச் சொன்ன ஒரு புண்ணியவானையும் பாத்தேன். ஐஸ்கிரீம் பக்கத்துல லேப்டாப் பேட்டரி. நல்லா இருங்கய்யா.

சட்டம் என்ன பண்ணுதுன்னா, ஐரோப்பாவுல 2027 பிப்ரவரி 18-ல இருந்து சின்னக் கருவிகள்ல பேட்டரியைப் பயனாளரே கழட்டி மாட்டற மாதிரி இருக்கணும்ங்கறது 2023-லயே போட்ட விதி. நம்ம மத்திய அரசு 2022 டிசம்பர் 24-ல பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையத்தளம் தொடங்கிச்சு. நல்ல விஷயம்தான். ஆனா என்னோட கேள்வி, கழட்டறது இருக்கட்டும், கழட்டணுமா வேண்டாமாங்கற முடிவை எடுக்க வைக்கிற அந்த எண்ணுக்கு யார் பொறுப்பு? பெட்ரோல் பங்குல அளவுக்கு முத்திரை இருக்கு. மளிகைக்கடைத் தராசுக்கு முத்திரை இருக்கு. எங்க பனியன் கம்பெனியில துணி ஜி.எஸ்.எம். பாக்க வட்டமா ஒரு துண்டு வெட்டி எடை போடுவாங்க, அந்தத் தராசுக்குக்கூட வருசா வருசம் சர்டிஃபிகேட் இல்லன்னா பையர் ஆடிட்ல கேள்வி வரும். லட்சம் பேரு கடைக்கு ஓடறதைத் தீர்மானிக்கற ஒரு எண்ணை மட்டும் ஒரு ராத்திரி அப்டேட்ல யாரு வேணா எப்படி வேணா மாத்தலாம், ஒரு வரி சொல்ல வேண்டியதில்லையா?

போன சனிக்கிழமை அக்காவும் நானும் அந்தக் கடைக்குப் போனோம். நான் வேணும்னே சண்டைக்குத் தயாரா போனேன், அறிக்கை எல்லாம் பிரிண்ட் எடுத்து. கடைக்காரர் முழுசா கேட்டார். "நானும் சப்ளையர்கிட்ட வாங்கறதுதானுங் தம்பி. ஸ்க்ரீன்ல காட்டறதை நம்பித்தான நாங்களும் சொல்றோம்"னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பேட்டரியை வாங்கிக்கிட்டு 2,000 ரூபாய் குடுத்தார். மீதி 1,800 போனது போனதுதான். கட்டிங் ஆளுங்களோட அரை நாள் கூலியை யாரும் எந்தக் கணக்குலயும் எழுதல. அக்கா அந்த சூப்பர்வைசர்கிட்ட இன்னும் இதைச் சொல்லல. சொன்னா என்னத்த புரியப் போகுதுங்கறாங்க.

பி.கு: நேத்து ராத்திரி கரன்ட் போனப்ப மாடியில இருந்து எட்டிப் பாத்தேன். அக்கா மடியில லேப்டாப், பக்கத்துல சுவர்க் கடிகாரத்தைக் கழட்டிக் கீழ வெச்சிருந்தாங்க. எதுக்குக்கான்னேன். "நீதான கண்ணு கடியாரத்தப் பாத்து ஓட்டிப் பாத்த"ன்னாங்க.

பி.கு 2: தயாரிப்பாளருக்கு ஒரு மெயில் போட்டிருக்கேன். தானியங்கி பதில் வந்துச்சு, உங்க கருத்து எங்களுக்கு முக்கியம்னு. வேற ஏதாச்சும் வந்தா எழுதறேன்.